அம்மா வீட்டு ரவுட்டர்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், யட்டவத்தவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



சங்கம் எங்கள் வகுப்பிடம் கேட்டது ஒரு மருத்துவ உரை. நீரிழிவு, மூட்டுவலி, மாதவிடாய் நிற்கும் காலம் என்று மூன்று தலைப்புகளும் தந்தார்கள். மூன்றும் நமது வயதுக்கு வேண்டியவைதான். ஆனால் எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவைப் பின்னோக்கிப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. நோயைப் பற்றிக் கேட்டவர்களை விட, "அம்மா வீட்டில் டீவி வேலை செய்யவில்லையாம், யாராவது ஊரில் இருக்கிறீர்களா?" என்று கேட்டவர்களே அதிகம். ரொரன்டோவிலிருந்து ஒருத்தி கேட்பாள், டோஹாவிலிருந்து இன்னொருத்தி பதில் சொல்வாள், கடைசியில் மாத்தளையில் இருப்பவள் முச்சக்கர வண்டி பிடித்துப் போய்ப் பார்ப்பாள். ஆகவே இன்றைய பேச்சு ரவுட்டரைப் பற்றி. பேசுகிறவர்கள் வைத்தியர்கள் என்பதால் இடையிடையே நோயாளர்கள் வந்து போவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் நம்மில் பலருடைய தாய்வீடு இன்று எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பின்னால் கொக்கோ, முற்றத்தில் ஒரு நாய், உள்ளே எழுபதைக் கடந்த அம்மா. பிள்ளைகள் கொழும்பில் அல்லது கடல் கடந்து. இரண்டு வார லீவில் வரும் மருமகன் ஒருநாள் முழுக்கக் குந்தியிருந்து ரவுட்டர், டீவி ஸ்டிக், கெமரா எல்லாவற்றையும் பூட்டுகிறார். எல்லாம் பிரமாதமாக வேலை செய்கிறது. அவர் விமானம் ஏறிய மறு கிழமை ஒரு மின்வெட்டு வருகிறது. அதோடு சரி. பாஸ்வேர்ட் அவருடைய போனில் இருக்கிறது, அந்தப் போன் மெல்பேர்னில் இருக்கிறது. அம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறார். அவன் பரீட்சைக்குப் படிக்கிறான், இரண்டு தரம் வருவான், மூன்றாம் தரம் கூப்பிட அம்மாவுக்கே கூச்சம். அதன் பிறகு டீவி அணைந்தே கிடக்கிறது. நாம் வீடியோவில் கூப்பிட்டால் "ஒன்றுமில்லை மகள், எனக்கு டீவி பார்க்க நேரமில்லை" என்கிறார்.

எங்கள் கருத்து இதுதான்: அம்மா வீட்டில் எதைப் பூட்டினாலும், அது பழுதானால் அம்மாவே திருத்தக்கூடிய மாதிரிப் பூட்ட வேண்டும். அவருக்கு முடியாது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள்.

இலங்கையில் வானொலிக்கும் ஏறத்தாழ நமது சங்கத்தின் வயதுதான். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923 இலேயே பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அந்தக் கருவி செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16. தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். உடன் வந்தது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. மலைகளுக்கு நடுவிலுள்ள நமது ஊர்களில் படம் தெளிவாக விழ என்ன பாடுபட்டோம்? அப்பா கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவார். "இப்ப? இப்ப?" என்று கேட்பார். அம்மா ஜன்னலடியில் நின்று "வந்துட்டு, வந்துட்டு... ஐயோ போயிட்டு" என்று சத்தம் போடுவார். எந்த மலைப் பக்கம் திருப்பினால் எந்தச் சனல் வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். மழை பெய்தால் எது மங்கும் என்றும் தெரியும். அலையைத் தேடிப் பிடிக்கும் கலை வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. வைஃபையும் வானொலி அலைதான். ஏரியல் பெட்டிக்குள் போய்விட்டது, அவ்வளவே.

மலைநாட்டுக்கு இது புதிதுமல்ல. கொத்மலை சமூக வானொலியில் 1990களின் கடைசியில், கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, தங்கள் மொழியில் வானொலியில் விளக்கம் சொன்னார்கள். யுனெஸ்கோ உதவியோடு நடந்த அந்த முயற்சியைப் பார்க்க வெளிநாட்டவர்கள் வந்துபோனார்கள். பிறகு 2021 இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது நாம் கண்டது வேறு காட்சி: பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை ஏறினார்கள், லுணுகலையில் மரத்தின் மேல் பரண் கட்டினார்கள். நமது தோட்டப்புறப் பிள்ளைகளின் கதையும் அதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இங்கே வீட்டுக்கு இணையம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஃபைபர் கம்பி வந்த இடங்களில் ஃபைபர். வராத இடங்களில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். நமது பக்கத்து அம்மாமார் பலரிடம் இருப்பது இரண்டாவது. அதில் ஒரு சிக்கல் உண்டு, அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த ரவுட்டருக்கு இரண்டு தூரங்கள் இருக்கின்றன. ஒன்று கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு. மற்றது ரவுட்டரிலிருந்து டீவிக்கு. கோபுரத்துக்கு நல்ல இடம் ஜன்னலோரம், மலை மறைக்காத பக்கம், முடிந்தால் மேல்மாடி. டீவிக்கு நல்ல இடம் வீட்டின் நடு. இரண்டும் ஒரே இடமாக அமைவது அபூர்வம். நாம் என்ன செய்கிறோம்? டீவிக்குப் பக்கத்தில், அலுமாரிக்குள், சாமிப்படத்துக்குப் பின்னால் வைக்கிறோம், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டுமே! கோபுரத்தின் அலை அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடுகிறது.

முதலில் கோபுரத்தைக் கவனியுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஒரு எண் இருக்கும். சில ரவுட்டர்களில் 192.168.8.1 என்றும், வேறு சிலவற்றில் 192.168.1.1 என்றும் போனின் பிரவுசரில் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். சரியான முகவரி ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஆர்.எஸ்.ஆர்.பி. எப்போதும் மைனஸ் எண். மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110 மோசம். ரவுட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் வைத்து எண்ணைப் பாருங்கள். ஏரியல் திருப்புவது போலத்தான், கூரை ஏற வேண்டியதில்லை. சிறந்த ஜன்னலைக் கண்டுபிடித்ததும் ரவுட்டரை அங்கேயே விட்டுவிடுங்கள். டீவி தூரத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிள் இழுங்கள். 100 மீற்றர் வரைக்கும் அது தாங்கும். தரகர் விலைக்கு மெஷ், எக்ஸ்டென்டர் என்று வாங்கும் முன்னர் இந்தக் கேபிளை யோசியுங்கள். வைஃபை எக்ஸ்டென்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால் அதை அலை கிடைக்காத அறைக்குள் வைக்காதீர்கள். அங்கே அதற்கும் அலை கிடைக்காது. பாதி வழியில் வையுங்கள். மலிவான எக்ஸ்டென்டர்கள் ஒரே வாயால் கேட்டுச் சொல்பவை, வேகம் பாதியாகும்.

வீட்டுக்குள் அலையைத் தடுப்பவை எவை? பழைய வீடுகளின் தடித்த சுவர், கொங்கிரீட் தட்டு, இரும்பு அலுமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தகரம். வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவரில் சோர்ந்துவிடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அயலாரின் ரவுட்டர்கள் எல்லாம் 2.4 இல் சத்தம் போடும்போது 5 தான் நல்லது. யட்டவத்தவில் அடுத்த வீடு மிளகுத் தோட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. இங்கே 2.4 அமைதியாக இருக்கும். அதனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள அனுபவத்தை அப்படியே இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது வேகம். எங்கள் தொழிலிலும் எம்பிபிஎஸ் இருக்கிறது, இணையத்திலும் எம்பிபிஎஸ் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டாவதைப் பெற ஐந்து வருடம் படிக்க வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது சாதாரண எச்டி படத்துக்கு 3, முழு எச்டிக்கு 5, 4கே படத்துக்கு 15. அம்மாவின் 32 அங்குல டீவிக்கு 5 தாராளம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கினால் படம் இருபது மடங்கு தெளிவாகாது.

அதை விட முக்கியமானது டேட்டா. எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜீபி வரை போகும். 100 ஜீபி உள்ள இணைப்பில், இரவில் மூன்று மணி நேரம் பார்க்கும் அம்மாவுக்கு அது பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் வேகம் விழுந்துவிடும், அம்மா "டீவி பழுது" என்பார். டீவிக்கு ஒன்றுமில்லை. படத்தின் தரத்தை மீடியத்துக்குக் குறைத்தால் மணிக்கு 0.7 ஜீபி அளவுதான், அதே 100 ஜீபி மாதம் முழுக்கப் போதும். அவருடைய கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள். கண்புரை இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும், 4கே பிறகு பார்க்கலாம். நள்ளிரவுக்குப் பின்னான டேட்டா தனியாகக் கிடைக்கும் இணைப்பானால், பேரப்பிள்ளை வந்திருக்கும் நாட்களில் படங்களை அப்போது இறக்கி வைக்கச் சொல்லலாம்.

பழுது பார்ப்பதற்கு வருவோம். வாட்டுக்கு வரும் நோயாளரிடம் நாங்கள் முதலில் கேட்பது எங்கே நோகிறது என்று. வயிற்றுவலி என்றவுடன் வெட்டிப் பார்ப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைஃபையில் யூடியூப் திறந்து பாருங்கள். அங்கே ஓடுகிறது, டீவியில் ஓடவில்லை என்றால் நோவு டீவியில், அல்லது டீவிக்கும் ரவுட்டருக்கும் இடையில். பக்கத்திலும் ஓடவில்லை என்றால் ரவுட்டரில், அல்லது வெளியே. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கம்பி போய்விட்டது என்று பொருள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், கம்பனிக்குச் சொன்னால் போதும். நமது பக்கத்தில் குரங்கு தொங்கும், மர அணில் கடிக்கும், பலாக்கொப்பு முறிந்து விழும். குரங்கின் வல்லமையைச் சந்தேகிப்பவர்களுக்கு: 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனதற்கு, பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கையே அமைச்சர் காரணம் காட்டினார்.

டீவி "நோ சிக்னல்" என்று காட்டினால் அதற்கும் இணையத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. ரிமோட்டில் எச்டிஎம்ஐ மாறியிருக்கும். ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழும்பினால், அதை டீவியின் யூஎஸ்பி துளையில் சொருகியிருப்பார்கள். சுவரில் சொருகினால் நிற்கும். மின்வெட்டுக்குப் பிறகு எல்லா அப்பும் சண்டை பிடித்தால் பெட்டியின் திகதியைப் பாருங்கள். சில மலிவுப் பெட்டிகளுக்கு உள்ளே மணிக்கூட்டு பற்றரி இல்லை. பழைய திகதிக்குப் போய்விட்டால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எந்தத் தளமும் கதவு திறக்காது. திகதியைத் திருத்தினால் எல்லாம் சரியாகும். போனிலிருந்து டீவிக்கு அனுப்பும் காஸ்ட் அடையாளம் காணாமற்போனால், போன் மொபைல் டேட்டாவில் இருக்கும், அல்லது போன் ஒரு வைஃபையிலும் டீவி வேறொன்றிலும் இருக்கும், அல்லது பேரன் போட்ட வீபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையிலும் அல்ல.

இவை ஒன்றும் இல்லையென்றால் அணைத்துப் போடலாம். சுவரில் வரும் பெட்டி முதலில், இரண்டு நிமிடம் பொறுத்து ரவுட்டர், அதன் பிறகு டீவி. அணைத்துப் போடுவது வேறு, ரவுட்டரின் பின்னாலுள்ள ஊசித் துவாரத்தை அழுத்துவது வேறு. அந்தத் துவாரம் ரீசெட். அதை அழுத்தினால் ரவுட்டர் கடையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். இணைப்பின் பயனர் பெயர், பாஸ்வேர்ட், நீங்கள் வைத்த வைஃபை பெயர் எல்லாம் அழியும். ஃபைபர் இணைப்பானால் ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். யட்டவத்தவுக்கு ஆள் வர எத்தனை நாள் என்று இங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

ரீசெட் அவசரத்தின் விலையை உலகமே பார்த்த ஒரு நாள் உண்டு. 2025 மார்ச் 9 அன்று, 2015 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் நின்றுபோனது. "நம்பமுடியாத சாதனம்" என்ற தோரணையில் ஒரு செய்தி திரையில் வந்தது. ரவுட்டருக்கோ டீவிக்கோ ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த பத்து வருடச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது. கூகுள் சொன்னது: ரீசெட் செய்யாதீர்கள், பொறுத்திருங்கள். சில நாட்களில் திருத்தம் தானாகவே வந்து சேர்ந்தது. பொறுத்திருந்தவர்களுக்குச் சிரமம் இல்லை. அதற்குள் ரீசெட் செய்தவர்களால் திரும்ப அமைக்கவே முடியவில்லை, அவர்களுக்கு இன்னும் சில நாட்கள் போயின. மருந்து கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பார்த்திருப்பதும் வைத்தியம்தான் என்று எங்கள் பேராசிரியர்கள் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இது வெறும் டீவி விஷயம் அல்ல. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. வீட்டில் இருள் என்றாலும் போன் அடிக்கும். ஃபைபரில் கண்ணாடி இழை வழியே மின்சாரம் வராது. வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் போனால் மேசையிலுள்ள தொலைபேசியும் செத்துவிடும். 4ஜி ரவுட்டரில் பூட்டிய போனும் அப்படியே. ஃபைபருக்கு மாற்றும்போது இதை யாரும் அம்மாவிடம் சொல்வதில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்த நாட்களில், இன்சுலின் போடும் ஒரு தாயாருக்கு இரவில் சீனி இறங்கி வியர்த்துக் கொட்டியது. அவர் தடவித் தடவிப் போய் எடுத்தது, முப்பது வருடம் பழகிய மேசைப் போனை. அதில் சத்தமே இல்லை. கைப்போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. சமையலறையில் சீனி டப்பாவின் இடம் அவருக்கு இருட்டிலும் தெரிந்ததால் பிழைத்தார். அவர் எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா. தோழிக்கு இது தெரியவந்தது நான்கு நாள் கழித்து.

ஆகவே ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யூபிஎஸ் வாங்கிக் கொடுங்கள். இவை அதிக மின்சாரம் குடிப்பதில்லை, ஒரு சின்ன யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் ரவுட்டர் அடப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12, சிலவற்றில் 9. மாறினால் ரவுட்டர் கருகும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கும் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். தனியே இருக்கும் அம்மாவின் கட்டிலடியில் பட்டன் வைத்த சாதாரணக் கைப்போன் ஒன்று, ரவுட்டர் சிம் அல்லாத வேறு நிறுவனத்தின் சிம்மோடு, சார்ஜில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவரானால் பக்கத்தில் குளுக்கோஸும்.

கனடாவிலிருந்து பெட்டி கொண்டுவரும் தோழிகளுக்கு ஒரு சொல். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்டரில் 100 தொடக்கம் 240 வரை என்று போட்டிருந்தால் பிளக் மாற்றி போதும். 120 மட்டும் என்றால் சொருகாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்கும்போது ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுவதோடு, செப்புக் கம்பி இணைப்பானால் அந்தக் கம்பியையும், வெளி அன்ரெனா இருந்தால் அதன் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும். இதை நமது அம்மாமார் ஏற்கெனவே டீவி ஏரியலுக்குச் செய்தவர்கள்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஒருதரம் காசு கட்டினால் ஆயுளுக்கும் எல்லாத் தமிழ்ச் சனலும் என்று விற்கும் பெயர் தெரியாத அன்ட்ராய்ட் பெட்டிகள் நமது வீடுகளில் நிறைய இருக்கின்றன. களவுச் சனல் சரியா பிழையா என்ற விவாதத்தை விடுவோம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இப்படிப்பட்ட பெட்டிகள் குறித்து எச்சரித்தது. ஜூலையில் கூகுள் வழக்கே போட்டது. பாட்பொக்ஸ் 2.0 என்ற தீநிரல் கோடிக்கும் மேற்பட்ட சாதனங்களில் புகுந்திருந்தது, சிலவற்றில் கடையில் வாங்கும் முன்னரே. பெட்டிக்குள் இருப்பவன் உங்கள் வீட்டு இணைப்பை வேறு களவுகளுக்கு வழியாக்குவான். அம்மா வங்கிக் கணக்குப் பார்ப்பதும் அதே வைஃபையில். வைத்திருப்பவர்கள் இன்றே கழற்றுங்கள். அம்மாவுக்கு வேண்டிய பாதி நிகழ்ச்சிகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மகளின் நெட்ஃபிளிக்ஸை அம்மா பார்ப்பதும் 2023 இலிருந்து அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் டீவி குறியீட்டு எண் கேட்கும், எண் ரொரன்டோவிலுள்ள மகளின் போனுக்குப் போகும். குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஏழு மணிக்கு அம்மா கேட்க, அங்கே காலை எட்டரைக்கு மகள் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கென்று ஒரு சின்னக் கணக்கு எடுத்துக் கொடுங்கள், அவருடைய போன் இலக்கத்திலேயே. கூடவே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: போனுக்கு வரும் எண்ணை யார் கேட்டாலும், கம்பனியிலிருந்து பேசுகிறோம் என்றாலும், சொல்லக் கூடாது. "இணைப்பு வெட்டப்படும், இந்த அப்பைப் போடுங்கள்" என்று அழைப்பவனிடம் போனை வைத்துவிட வேண்டும்.

கெமராவைப் பற்றி எங்கள் வகுப்புக்குள்ளேயே இரண்டு கட்சி. விழுந்து கிடந்தால் உடனே தெரியும் என்பது ஒரு கட்சி. வைத்தியர்கள் நாங்களும் அந்த நியாயத்தை மறுக்க முடியாது, இடுப்பு எலும்பு முறிந்து பல மணி நேரம் தரையில் கிடந்த தாய்மாரைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் வாட்டில் கூட, காயத்துக்கு மருந்து கட்டும்போது திரை இழுக்கிறோம். அம்மாவைக் கேட்காமல் ஹோலில் கெமரா பூட்டி, அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், யார் வந்துபோனார் என்று சிட்னியிலிருந்து விசாரிப்பது மகளின் வேலை அல்ல. முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆமென்றால் படுக்கையறையைத் தவிருங்கள், அணைக்கும் சுவிட்சை அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் கூப்பிடும் பழக்கம் இருந்தால் பாதிக் கெமராவுக்குத் தேவை இருக்காது.

அப்படிக் கூப்பிடும்போது உடம்புக்கு முடியாத அம்மாவை வீடியோவில் பார்ப்பவர்களுக்கு: படம் இறுகி இறுகி நகர்ந்தால் அதை நம்பி மூச்சை எண்ணாதீர்கள். வீடியோவை நிறுத்தி, குரலை மட்டும் கேளுங்கள். ஒரு வசனத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கால் வீக்கம், புண் என்றால் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெதுவான இணைப்பிலும் படம் கடைசியில் தெளிவாக வந்து சேரும்.

எல்லாவற்றையும் பூட்டி முடிந்த பிறகு ஒரு தாள். அதில் வைஃபையின் பெயர், பாஸ்வேர்ட், ரவுட்டர் அமைப்புப் பக்கத்தின் முகவரியும் பாஸ்வேர்டும், இணைப்பின் கணக்கு இலக்கம், கம்பனியின் உதவி இலக்கம், எந்தப் பிளக் எதற்கு. நீங்கள் தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள். அம்மாவைச் சொல்லிச் சொல்லி, அவருடைய கையெழுத்தில், அவருக்குப் பிடித்த பெயர்களில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா ஃபைபர் பெட்டிக்கு "சின்னது", ரவுட்டருக்குக் "கொம்பு" என்று பெயர் வைத்திருக்கிறார். "சின்னதை அணை, இருநூறு எண்ணு, கொம்பைப் போடு" என்று அவருடைய தாளில் இருக்கிறது. தாள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கட்டும், வாசல் சுவரில் வேண்டாம். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும், புறப்படும் முந்தின நாள் நீங்களே பிளக்கைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அம்மா திருத்தட்டும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் எழும்பாதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தின் வலதுபக்க மேசையில் ஒரு ரவுட்டர், ஒரு டீவி ஸ்டிக், இரண்டு மினி யூபிஎஸ், 20 மீற்றர் லேன் கேபிள் வைத்திருக்கிறோம். முன்வரிசை ஆசிரியர்களுக்கு முதலிடம். கழற்றிப் பூட்டிப் பாருங்கள், பிழையாகப் பூட்டிப் பாருங்கள், உயர்தர வகுப்புத் தங்கைகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், ஆனால் கை வைக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊசித் துவாரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறோம். அதைப் பிய்க்க வேண்டாம்.